பேன்ஜோவுக்கு ஜால்ரா

நேற்று மகள் வயிற்றுப் பேரன் தன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "அப்புச்சி, நீங்க சொல்ற பேன்ஜோ இதுங்களா?" தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவரின் மடியில், வட்டமாகத் தோல் கட்டிய, நீளக் கழுத்துள்ள வாத்தியம். கம்பியில் அவர் விரல் பட்டதும் அந்தப் பழைய ஓட்டம் கிளம்பியது. அன்று நீயும் நானும் ரேடியோவில் கேட்டது இதைத்தான். நாம் வாசித்தது இது இல்லவே இல்லை! உன்னிடம் சொல்ல வேண்டுமென்று எழுந்தேவிட்டேன். நீ இல்லை என்பது செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது.

எழுபதுகளின் நடுவில், புதுச்சத்திரத்தில் உங்கள் கிணற்று மோட்டார் ரூமில் அந்த ரேடியோ இருந்தது. சிலோனைத் தேடி முள்ளைத் திருப்பியபோது ஏதோ வெளிநாட்டு ஸ்டேஷன் மாட்டியது. மேளம் இல்லை, தவில் இல்லை. வெறும் கம்பிகளும் சில குரல்களும். ஆனாலும் பாட்டு குதித்து ஓடியது. அறிவிப்பாளரின் இங்கிலீஷில் நமக்குப் பிடிபட்டது ஒரே சொல்: பேன்ஜோ. அதை முதலில் பிடித்தவன் நான். ஊரில் யாரும் இன்றுவரை இதை ஒப்புக்கொள்வதில்லை.

குழு ஆரம்பிக்கலாம் என்றவனும் நான்தான். பம்பாய்க்கு லோடு அடிக்கும் என் அண்ணனிடம் பேன்ஜோ வாங்கிவரச் சொன்னேன். அவர் கொண்டுவந்தது ஒரு நீளப் பெட்டி. மேலே கம்பிகள், அவற்றை அழுத்த டைப்ரைட்டரில் இருப்பதுபோலக் கட்டைகள். கடைக்காரன் பேன்ஜோ என்றுதான் கொடுத்தானாம். அங்கே இதற்கும் அதே பெயர் என்று நமக்கு எப்படித் தெரியும்?

விரல் நோக அதைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வந்தாய். "செத்த இங்க குடு மாப்ள, பாப்போம்." என் டீ ஆறுவதற்குள் ரேடியோவில் கேட்ட ஓட்டம் உன் கையில் வந்துவிட்டது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. "நல்லாருக்குதா?" என்று கேட்டாய். "ம்" என்றேன்.

லாரி பாடி கட்டும் பட்டறையின் பெயிண்டர் டோலக் வாசிக்க வந்தார். எனக்கு மிஞ்சியது ஜால்ரா. வாத்தியத்தை வரவழைத்தவன் கையில் ஜால்ரா! மாரியம்மன் நோம்பி எங்கே நடந்தாலும் மேடை ஏறினோம். உன் பெயருக்கு முன்னால் பேன்ஜோ ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் என்னைப் பார்த்தால், "ஏனுங்க, இன்னைக்கும் அவருக்கு ஜால்ராதானுங்களா?" என்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

ஒருமுறை எருமப்பட்டி நோம்பியில் பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தாய். "இன்னைக்கு நீ வாசி மாப்ள, நான் தாளம் போடறேன்." ஒரு தடவையாவது கூட்டம் என்னைக் கேட்க வேண்டும், என் ஆசை அவ்வளவுதான். சத்தியமாகத் தப்பில்லாமல் வாசித்தேன். முடிந்ததும் நோம்பிக் கமிட்டிக்காரர் மேடையேறி உன் கையைப் பிடித்துக்கொண்டார். "அடடா, என்னமா ஜால்ரா போட்டீங்க! நம்ம சனமே ஆடிப்போச்சுங்க."

திரும்பும் பஸ்ஸில் நீ, "இத்தன வருசமா இத எப்படிடா புடிச்சுட்டிருந்த? எனக்குக் கை கழண்டு போச்சு" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் அந்தப் பெட்டியை நான் தொடவில்லை.

உன் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தபோதும் பொறாமையாகத்தான் இருந்தது. அழுதுகொண்டே பொறாமைப்பட்டேன். உன் வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்ததும் கதறினார். "தெனமும் வாசிச்சு முடிச்சுட்டு எங்கிட்டக் கேப்பாருங்க, 'ஏம்புள்ள, இதுக்கு மாப்ளைக்கு வயிறு எரியுமா'ன்னு. எரியாதுன்னு சொன்னா, திருப்பி மொதல்ல இருந்து வாசிப்பாருங்க."

எரிந்ததடா, ஒவ்வொரு தடவையும். இன்றைக்கும் எரிகிறது. அதை ஆறவிடாமல் வைத்திருக்கிறேன். உன் வாசிப்பில் எனக்கென்று இருந்த பங்கு அது ஒன்றுதான்.