நீல எடிற்றரும் என் கழுத்தும்

மச்சான்,

நேற்று மகள் தன் மடிக்கணினியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. "அப்பா, எங்கடை கம்பனியிலை புரோகிராமுகளைக் கட்டி ஓட்டுறதுக்குத் தாங்களே ஒரு ஒழுங்கு செய்து வைச்சிருக்கினம். அதோடை ஒத்துப்போற, புரோகிராம் எழுதுற எடிற்றர் எது?" என்று கேட்டாள். வெண்டிக்காய் விலையிலிருந்து அயல்வீட்டுக் கலியாணம் வரைக்கும் அபிப்பிராயம் வைத்திருக்கும் நான், தேத்தண்ணி போடப் போவதாகச் சொல்லிக் குசினிக்குள் ஒளிந்துகொண்டேன். அந்தப் பச்சை எழுத்துக்குப் பின்னால் நீ இருந்தாய்.

நல்லூரில் நாமிருவரும் கொம்பியூட்டர் வகுப்பு நடத்திய காலம். கறண்ட் கிடையாது, ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும். உங்கள் பருத்தித்துறைப் பக்கத்து மீனவர் சங்கத்துக்காக, எந்த வள்ளத்துக்கு எப்போது எண்ணெய் என்று முறை பிரிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினாய். அதைச் சோதித்து, பிணைத்து, ஓடவைக்கும் வேலைகளையெல்லாம் ஒரே கட்டளைக்குள் அடக்கி, அதற்குச் 'சமை' என்று பேரும் வைத்தாய். சங்கம் ஏற்றுக்கொண்டால் உனக்கு அங்கேயே வேலை. இல்லாவிட்டால் தன்னோடு கடலுக்கு வரவேண்டும் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். கரையில் நின்று அலையைப் பார்த்தாலே தலைசுற்றிச் சத்தியெடுக்கும் கடலோடி நீ.

உன் எடிற்றர் வெறும் சுவர் மாதிரி. மினுங்கும் கோடு ஒன்றைத் தவிர வேறொன்றுமில்லை. என்னிடம் நீலத் திரையும் மஞ்சள் எழுத்துமாகச் சோடித்த ஒன்று இருந்தது. அதைத்தான் சங்கத்தில் காட்டவேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"உது கடிதம் எழுதுற சாமான், மச்சான். சேமிக்கேக்கை தன்ரை குறியளையும் உள்ளுக்கை கலந்துவிடும். 'சமை' உதைத் தின்னாது."

"நீ சும்மா இரடா. உள்ளுக்கை ஆர் பாக்கிறது? நிறத்தைத்தான் பாப்பினம்."

உன் எடிற்றரை அழித்துத்தான் பிளொப்பித் தட்டில் என்னுடையதற்கு இடம் எடுத்தேன். என் வாயோடு மல்லுக்கட்ட ஏலாமல் நீயும் விட்டுவிட்டாய்.

சங்க மண்டபத்தில் முதலில் எல்லாம் அமோகம். 'சமை' என்ற பேரைக்கூட நானே பெருமையாக விளக்கினேன். அப்போது பின்வாங்கிலிருந்து ஒருவர், "ஒரு வீட்டிலை ரெண்டு வள்ளமெண்டா என்ன செய்வியள்?" என்றார். ஒரு வரியை மாற்றினால் போதும். என் நீல எடிற்றரிலேயே மாற்றினாய், சேமித்தாய், 'சமை' என்று தட்டினாய். வரிக்கு வரி பிழை என்று திரை நிரம்பி வழிந்தது. நிறம் மட்டும் நல்ல வடிவு.

"கறி அடிப்பிடிச்சுப் போச்சு!" என்றார் அவர். மண்டபமே சிரித்தது.

உன் அப்பா உன்னிடம் வரவில்லை, என்னிடம் வந்தார். "தம்பி, நீர் விசயம் தெரிஞ்ச பிள்ளை. உவனுக்கு நீரெண்டாலும் முதலே சொல்லியிருக்கக்கூடாதோ?"

நீ பக்கத்தில் நின்று வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாய். நான் தலையாட்டினேன். "எங்கை கேக்கிறான், ஐயா" என்று ஒரு பெருமூச்சு வேறு.

திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் நீ சொன்னது இவ்வளவுதான்: "பெருமூச்சு தேவையில்லை, மச்சான். தலையாட்டினதே போதும்."

அடுத்த கிழமை வள்ளம் ஏறினாய். சத்தியெடுக்க வாளியும் கொண்டுபோனாயாம். ஊர் சிரித்த கதையை எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னவனும் நீதான். நான்தான் உன் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

போன வருடம் உன் செத்தவீட்டில், உன் மனைவி என்னை வந்தவர்களுக்குக் காட்டினாள். "இவர் அப்பவே எல்லாம் சொன்னவராம். என்ரை மனுசன்தான் கேக்கேல்லையாம். மாமா சாகுமட்டும் சொல்லுவார்."

கழுத்து என்னைக் கேட்காமலே அசைந்தது. பெட்டிக்குள் நீ கிடந்தாய். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கழுத்தைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.