பத்தொன்பதாம் பக்கத்துப் படகுகள்

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை ஈவானும் குட்டி மார்சலியும் டனீடனில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே லூயிஸ் தீவில் நான் சுகம், ஆடுகள் சுகம், போன மாதக் காற்றில் கொட்டகைத் தகரம் ஒன்று பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு ரோரியின் வேலியில் மாட்டிக்கொண்டது, அவன் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். அம்மாவும் சுகம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், நீ போன பதினோரு வருஷமாக அப்படித்தான் எழுதினேன், இந்தத் தடவை கை ஓடவில்லை. போனில் சொல்லலாமென்று இரண்டு முறை எடுத்தேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். கொஞ்சம் உட்கார்ந்து படி அம்மா.

அவளுடைய நாவல்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதுதான், அட்டையில் சட்டை போடாத வீரன் வாளோடு நிற்பானே, எதிரிக் குலத்துப் பெண்ணைக் குதிரையில் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டைக்குப் போவானே, அதெல்லாம். நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். "ஏன் இஷ்பெல், அறுநூறு வருஷத்துக்கு முந்தி இந்த நாட்டுல மழையே பெய்யலையா, அவனை ஒரு பூச்சிகூடக் கடிக்கலையா, வெறும் உடம்போட நிக்கறானே" என்பேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "பூச்சி கடிச்சா அவன் உன்னை மாதிரி ஊரைக் கூட்ட மாட்டான், நீ போய் ஆட்டைப் பாரு" என்பாள். நூலக வண்டி ஒன்றுவிட்டு ஒரு வியாழன் வரும், கிழவிகள் எல்லோரும் அதே புத்தகங்களைத்தான் மாற்றி மாற்றி எடுப்பார்கள். எல்லா அட்டையும் ஒரே அட்டை, எது படித்தது எது படிக்காதது என்று யாருக்குத் தெரியும்? அதனால் படித்து முடித்ததும் ஆளுக்கு ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் அடையாளம் போட்டுவைப்பார்கள். பெக்கி ஆண்ட்டி ஒரு கோப்பை வரைவாள். உன் அம்மா பத்தொன்பதாம் பக்கத்தில் பாய் விரித்த சின்னப் படகு. வண்டியில் வரும் டோலினாவுக்குத் தெரியும், தெரியாதது மாதிரி இருந்துகொள்வாள்.

இந்த ஜனவரியில் அம்மாவுக்குக் கால் பிசகி நடக்க முடியவில்லை, நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். படித்ததையே கொண்டுவந்து திட்டு வாங்கக் கூடாதே என்று பத்தொன்பதாம் பக்கத்தைப் புரட்டினேன். அதில் ஐந்து படகு இருந்தது. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று அடுத்த புத்தகத்தை எடுத்தேன், அதில் நான்கு. முதல் படகுக்குப் பாய் இருந்தது, கயிறுகூட இருந்தது. அப்புறம் பாய் இல்லை. கடைசியில் கோணலாக ஒரு கோடு மட்டும். டோலினாவைப் பார்த்தேன், அவள் முகம் சிவந்துபோயிற்று. "மர்டோ, நான் சொல்லியிருக்கணும். இஷ்பெல்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவர்கிட்ட சொல்லாதே, பயந்துடுவாருன்னா" என்றாள். தன் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். ஒரே புத்தகத்தை உன் அம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்ச்சில் எடுத்திருக்கிறாள், மறுபடி மே மாதம், மறுபடி ஜூலை. அடையாளத்தைப் பார்த்துக்கொண்டேதான் எடுத்திருக்கிறாள் கிர்ஸ்டி. படித்துவிட்டோம் என்று படகு சொல்கிறது, ஒரு வரியும் ஞாபகமில்லை. இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எனக்கு மீன் வறுத்துக் கொடுத்திருக்கிறாள், நானும் சாப்பிட்டுவிட்டு உப்பு கம்மி என்றிருப்பேன்.

மார்சலி பிறந்தது அதே வருஷம் அக்டோபரில். அன்றைக்குப் போனில் அம்மா மூன்று தடவை "பையனா பொண்ணா" என்று கேட்டதும், நீ "நான் சொல்றதக் கேக்காம புத்தகத்தைப் புரட்டிக்கிட்டு இருக்கே, பேத்தியை விட அந்த வாள் புடிச்சவன்தான் உனக்குப் பெருசு" என்று அழுதுகொண்டே போனை வைத்ததும் உனக்கு மறந்திருக்காது. அதற்குப் பிறகு இந்தப் பதினேழு மாதமாக அவளோடு நீ பேசவில்லை. உன்னை நான் குறை சொல்லவில்லை மகளே. அன்றைக்கே உனக்கு நான் என்ன எழுதினேன்? ஆமாம், எப்போதும் அந்தப் புத்தகத்திலேயே கிடக்கிறாள், விட்டுத்தள்ளு என்று எழுதினேன். நாற்பத்து நான்கு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த எனக்கே தெரியவில்லை, பன்னிரண்டாயிரம் மைல் தள்ளியிருக்கும் உனக்கு எப்படித் தெரியும்? நீ போனை வைத்த பிறகு அவள் கையில் புத்தகமே இல்லை. ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நீ போனில் கேட்ட சரசரப்பு அதுதான். போன வாரம் அவளுடைய தையல் பெட்டியில் அது கிடைத்தது. பெண் குழந்தை, பெயர் மார்சலி, மறக்காதே என்று நாலு தடவை எழுதியிருக்கிறாள்.

ஸ்டோர்னவே ஆஸ்பத்திரி டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டார். கோடைக்குள் மனிதர்களை அடையாளம் தெரியாமல் போகலாம் என்று சொன்னார். இப்போது நான்தான் படித்துக் காட்டுகிறேன். ஒரே கதைதான், அந்தக் குலத்தலைவனுக்குக் கல்யாணம் நடக்கும் இடம் வரும்போதெல்லாம் புதிதாக அழுகிறாள். போன ஞாயிறு கோவிலிலிருந்து வந்ததும் "நாவலை எடு" என்றாள். ஞாயிறு கர்த்தருடைய ஓய்வுநாள் என்று ஒரு துணியைக்கூடக் கொடியில் போட விடாதவள், கிர்ஸ்டி. அவள் கிழமையையே மறந்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. படித்தேன், கர்த்தர் மன்னிக்கட்டும். எனக்குக் குரல் உடைந்துவிட்டது. "நல்ல இடம் இல்ல?" என்றாள் அவள்.

நேற்று மத்தியானம் நடந்ததையும் மறைக்கப் போவதில்லை. டீ கொண்டுபோய் வைத்தேன். என்னைப் பார்த்து மரியாதையாக, "ஐயா, நீங்க ரொம்ப நல்லவரு. ஆனா என் வீட்டுக்காரர் வர்ற நேரம், உங்களை இங்க பாத்தா ஒரு மாதிரி நினைப்பாரு, தப்பா எடுத்துக்காம கிளம்பிடுங்க" என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். கொட்டகையில் கால் மணி நேரம் ஆடுகளோடு நின்று அழுதேன், சொல்ல வெட்கமில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினேன். திறந்து பார்த்தவள், "எங்கய்யா போய்த் தொலைஞ்ச இவ்வளவு நேரம், டீ ஆறிப் போச்சு" என்றாள். அந்த டீயைக் குடித்த மாதிரி நான் எதையும் குடித்ததில்லை.

உடனே புறப்பட்டு வா. குழந்தையையும் கொண்டு வா. கம்பளிக் கோட்டு எடுத்துக்கொள், காற்று அடித்தால் கப்பல் விடமாட்டார்கள், உல்லாபூல் துறைமுகத்தில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. மன்னிப்பு கேட்க வேண்டுமே என்று கலங்காதே, அவளுக்கு அந்தச் சண்டை ஞாபகமில்லை, அந்த ஒன்றுக்கு மட்டும் இந்த நோய்க்கு நன்றி சொல்கிறேன். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும். வாசலில் உன்னைப் பார்த்து யாரம்மா நீ என்று அவள் கேட்டால் அங்கே அழுதுவிடாதே. சரி என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு வா, நான் அங்கே இருப்பேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய் மறுபடி தட்டு. திறக்கும்வரை தட்டு, மகளே.

உன் அப்பா,
மர்டோ