குளத்துமேட்டில் வெந்த பருப்பு

உன் பருப்பு டப்பாவைக் கழுவி இன்று காலை வாசல் சுவரில் கவிழ்த்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு மொபெட் வந்து நின்றது. பக்கத்துச் சைட்டைப் பார்க்க வந்த ஒரு புருசனும் பெண்டாட்டியும். இறங்கியதும் அவன் குளத்தைப் பார்த்து வாயைப் பிளந்தான். அவள் குளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க, குடியிருக்க இந்த எடம் நல்லாருக்குங்களா?" என்று என்னிடம் கேட்டாள். உன்னிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வது?

ஏழு வருசத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நாமும் வந்து நின்றோமே. கணபதியில் நாம் குடியிருந்த லைன் வீட்டில் ஆறு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். சொந்த வீடு என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்குப் பட்டறையில் வேலை ஓடாது. சூலூர்ப் பக்கம் ஒரு குளத்தை ஒட்டிச் சைட் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஞாயிற்றுக்கிழமையே உன்னைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். மெயின் ரோட்டில் பஸ் நின்றது. அங்கே சிறுவாணி ஆற்றின் நல்ல தண்ணி வரும் ஒரு பைப்படியில் குடங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தோம், பார்த்தும் ஒன்றும் யோசிக்கவில்லை. ஒரு மைல் நடந்து கரை ஏறினால், ஐப்பசி மழையில் குளம் தளும்பி நின்றது. நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தன. சட்டை படபடக்கிற காற்று. நான் அங்கேயே வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று பேச ஆரம்பித்துவிட்டேன்.

நீ வேலமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். போன மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று மரத்தில் படிந்த சேற்றுக்கோட்டைத் தொட்டுப் பார்த்தாய். சைட் அதற்கு மேலே இருந்தது. எனக்குச் சந்தோசம். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்தாய். உள்ளே ஒரு பிடி துவரம்பருப்பு.

"குளத்தப் பாத்துப்போட்டு ஊடு கட்டப்படாதுங்க. பருப்பு வேகுதான்னு பாத்துப்போட்டுக் கட்டோணும்" என்றாய். குக்கரில் வைத்தால் எந்தத் தண்ணியிலும் வெந்து தொலையுமாம், சட்டியில் வேக வேண்டுமாம். உப்புத் தண்ணி ஊரில் கட்டிக்கொடுத்த உன் அக்கா பட்ட பாடு உன் மனதில் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. தாஜ்மகாலைக் காட்டினாலும் நீ அடுப்பு எங்கே என்று கேட்கிற ஆள்தானே.

அப்போது இங்கே இருந்தது ஒரே வீடு, ராமாத்தாக்கா வீடு. முன்பின் தெரியாத அந்த அம்மாவிடம் போய், "இந்தப் பருப்ப உங்கூட்டுத் தண்ணியில வேக வெச்சுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டாய். "அதுக்கென்ன அம்மணி, குடு" என்று வாங்கிக்கொண்டு அக்கா உள்ளே போனார். கரையில் ஒரு நடை நடந்து திரும்பினோம். பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது. அது மட்டுமா, அக்கா அதில் உப்பும் நெய்யும் போட்டுச் சோறும் பிசைந்து வைத்திருந்தார். நீ ஒரு பருப்பை விரலில் நசுக்கிப் பார்த்து என் பக்கம் திரும்பினாயே, அந்த முகம்! கல்யாணத்தன்றுகூட உன்னை அவ்வளவு சந்தோசமாக நான் பார்த்ததில்லை.

"வந்தர்லாமுங்க" என்றாய்.

வீட்டைக் கட்டி அடுத்த வருசம் கார்த்திகையில் குடி வந்தோம். பால் காய்ச்சிய மறுநாள் நம் போர்க்குழாயில் அடித்த தண்ணியில் பருப்பு வைத்தாய். மத்தியானம் மூன்று மணிக்கும் அது கூழாங்கல் மாதிரிக் கிடந்தது. கரண்டியோடு ராமாத்தாக்கா வீட்டுக்குப் போனாய். சண்டைதான் என்று நான் வாசலிலேயே நின்றேன். திரும்பி வந்தபோது உன் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாய். அக்கா வீட்டுக் கிணறும் இதே உப்புதான். அன்றைக்கு அக்கா பருப்பு வைத்தது, மெயின் ரோட்டுப் பைப்பிலிருந்து இடுப்பில் சுமந்துவந்த தண்ணியில். கேட்டதற்கு, "ஊட்டுக்கு வந்தவிங்களுக்கு உப்புத்தண்ணியிலயா அம்மணி பருப்பு வெப்பாங்க?" என்று அக்கா உன்னையே திருப்பிக் கேட்டாராம்.

நான் குதித்தேன். ஏமாந்துபோனோம், இருந்ததையெல்லாம் கொண்டுவந்து இங்கே கொட்டிவிட்டோம் என்று கத்தினேன். நீ கரண்டியைக் கீழே வைத்தாய். "மொகந் தெரியாதவிங்களுக்கு இடுப்புல சொமந்த தண்ணிய ஊத்துன மனுசி பக்கத்தூட்ல இருக்குது. இனி நான் எங்கியும் வாரதில்லீங்க."

அன்று சாயங்காலமே சைக்கிளில் இரண்டு குடம் கட்டினேன். அதற்கப்புறம் நீ ஒரு சட்டம் போட்டாய். சைட் பார்க்க யார் வந்தாலும் முதலில் நல்ல தண்ணி கொடுக்க வேண்டும், பிறகு போர்த் தண்ணியும் கொடுத்து நிசத்தைச் சொல்லிவிட வேண்டும். நிசத்தைக் கேட்டவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். பக்கத்துச் சைட் காலியாகவே கிடந்தது. நீ கண்ணை மூடிய இந்த ஒன்றரை வருசமாக அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வீட்டுக்குள் போகவே பிடிக்கவில்லை.

இன்றைக்கு அந்தப் பெண் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பைப்புத் தண்ணியை மொண்டு கொடுத்தேன். குடித்துவிட்டு, "இனிக்குதுங்களே" என்று புருசனைப் பார்த்தாள். இதோடு விட்டுவிடலாமா என்று ஒரு நிமிசம் தோன்றியது, உன்னிடம் மறைப்பானேன். பக்கத்தில் ஒரு குடித்தனம் வராதா என்று அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு. அப்புறம் சுவரில் காய்ந்துகொண்டிருந்த உன் டப்பா கண்ணில் பட்டது. உள்ளே போய் இன்னொரு டம்ளரில் போர்த் தண்ணி கொண்டுவந்தேன்.

"இதாங்க இந்த எடத்துத் தண்ணி. மொதல்ல குடுத்தது பைப்புத் தண்ணிங்க."

அவள் ஒரு வாய் குடித்துத் துப்பினாள். அவன் மொபெட் சாவியை எடுத்தான். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ராமாத்தாக்கா, "வந்தவிங்கள சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க" என்று குரல் கொடுத்தார். அந்தப் பெண் வேலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையிலிருந்த இரண்டு டம்ளர்களையும் பார்த்தாள்.

"பைப்பு எத்தன தூரமுங்க?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று போகிறவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. உன் குடத்தை எடுத்துச் சைக்கிளில் கட்டினேன்.

"வாங்க, காட்டறனுங்க" என்றேன்.