எட்டுச் செலவுக்குச் சமைக்காத ஒன்று

அண்ணை,

இன்று உங்கள் எட்டுச் செலவு, நீங்கள் கண்மூடி எட்டாம் நாள். உங்களுக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். நோர்பரியில் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததுமே கத்தரிக்காய்க் குழம்பு மணத்தது. அடுப்படியில் நின்ற உங்கள் மனைவி, "தம்பி, நீர்தானே அவரோட கனகாலம் ஒரே அறையில இருந்தனீர். அவருக்கு விருப்பமானது ஏதும் விட்டுப்போச்சோ?" என்று கேட்டார்.

எண்பதுகளின் கடைசியில், கிரீன்லாந்தில் பனியை அளக்கப் போன குழுவோடு ரேடியோ திருத்துபவராகப் போனீர்கள். முட்டை மணத்துக்கே முகம் சுளிக்கிற மனிதர்! மச்சம் மாமிசம் படக்கூடாதென்று உங்கள் பருப்பையும் அவலையும் தனிப் பெட்டியில் போட்டு, தனிச் சறுக்குவண்டியில் கட்டினீர்கள். அந்த வண்டிதான் பனிப்பிளவுக்குள் போனது. விசர் வேலை என்று பிறகு எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன்.

சாப்பாடு கொண்டுவரவேண்டிய விமானம் புயலால் உங்கள் கடலோர முகாமுக்கு வரவில்லை. மற்றவர்கள் இறைச்சி டின்களைப் பங்கிட்டுச் சாப்பிட, நீங்கள் நான்கு நாள் வெறும் தேநீரோடு கிடந்தீர்கள். ஐந்தாம் நாள் எழும்ப முடியவில்லை. வழிகாட்டியாக வந்த வேட்டைக்காரர், அப்போதுதான் வெட்டிய கடல்நாயின் பச்சை ஈரலை உடற்சூடு ஆறுமுன் உங்கள் வாயில் வைத்தார். நீங்கள் விழுங்கினீர்கள்.

திரும்பி வந்ததும் மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனோம். நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

"உயிர் தப்பத்தானே சாப்பிட்டனீங்கள். அதுக்கு முருகன் கோவிப்பாரே?" என்றேன்.

"சாப்பிட்டதுக்குக் கோவிக்கமாட்டார். எனக்கு அது ருசிச்சதடாப்பா. இண்டைக்கும் நாக்குக் கேக்குது. அதை அவரிட்ட என்னெண்டு சொல்லுறது?"

அதன்பிறகு கடைசிவரை வாசலோடு சரி. கால் நோகிறது என்று வீட்டில் சொன்னீர்கள். குளிரில் இரண்டு கால்விரல் போயிருந்ததால் உங்கள் மனைவியும் நம்பினார். என்னிடம் மட்டும் ஏன் சொன்னீர்கள்? யாருக்கும் சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லையே. உயிர் தந்த சாப்பாடு ருசித்தால் அது குற்றமா? எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

"ஒண்டும் விடேல்லை அக்கா, எல்லாம் இருக்கு" என்று அடுப்படியில் சொன்னேன். அவர் நிம்மதியாக இலையை விரித்து, மரக்கறிகளை ஒவ்வொன்றாக வைத்தார். கும்பிட்டபோது எனக்கு அழுகை வந்தது.

இனி இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். உங்கள் மானத்தைக் காப்பாற்றினேனா, உங்களை இன்னொரு தரம் பட்டினி போட்டேனா, தெரியவில்லை அண்ணை.