தண்ணீரை நான் நீக்கவில்லை, நசீமா

என் தங்கமான நசீமாவுக்கு,

ஜெயித்துவிட்டேன் பெண்ணே! ஆர்.எஸ்.புரத்துப் பள்ளியில் வேதியியல் டீச்சர் வேலை எனக்குத்தான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் முதலில் சொல்வேன்?

துடியலூர் டியூஷனுக்கு நாம் சேர்ந்து பாடம் எடுக்கப் போன நாட்கள் ஞாபகமிருக்கிறதா? பஸ் ஏறியதும் ஆளுக்கொரு கணக்கு. தோற்றவள் ஜன்னலோர சீட்டை விட்டுத்தர வேண்டும். பாதி நாள் ஜன்னல் காற்று உனக்குத்தான்.

நாம் சேர்ந்து போன கடைசி நாள் வந்தது சமநிலை மாறிலி, அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டரும் தண்ணீரும் ஆகும் கணக்கு. வினை ஓய்ந்ததுபோல் நிற்கும்போது, விளைந்தவற்றின் செறிவைப் பெருக்கி, மிச்சமிருப்பவற்றின் பெருக்கலால் வகுத்தால் கிடைக்கும் எண். தண்ணீரைப் பார்த்தாலே கோடு போட்டு நீக்குவது நம் டியூஷன் வழக்கம். நானும் நீக்கினேன். நீ விடவில்லை.

"ஏனுங்க்கா, கரைசல்ல தண்ணி ஏகமா இருக்குது, நீக்கலாமுங்க. எஸ்டர் கணக்குல தண்ணியே இப்பத்தானுங்களே பொறக்குது? அதைய எதுக்குங்க தூக்கிப்போடறீங்க?"

எனக்கு வீம்பு. அன்றைக்கு ஜன்னலை விட்டுத்தரவே இல்லை. அடுத்த வாரம் நீ ஆஸ்பத்திரியில் படுத்தவள்தான், திரும்பி வரவில்லை.

நேற்று இன்டர்வியூவில் அதே கணக்கைக் கொடுத்தார்கள். அமிலம் ஒரு மோல், ஆல்கஹால் ஒரு மோல். சமநிலையில் மூன்றில் இரண்டு பங்கு மோல் எஸ்டர், அதே அளவு தண்ணீர். அமிலமும் ஆல்கஹாலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பழக்கதோஷத்தில் சாக்பீஸ் தண்ணீர்மேல் போய்விட்டது. உன் குரல் காதில் விழுந்தது. கையை எடுத்துவிட்டேன். விடை நான்கு.

"ஏனுங்க மேடம், தண்ணியை நீக்காம உட்டுட்டீங்களே?" என்றார் நடுவில் இருந்தவர். கொக்கி போடுகிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா, தெரியவில்லை.

"நீக்குனா ஆறு வருமுங்க சார். ஆனா கலவையோட கன அளவு மாறுனா அந்த ஆறும் மாறிப்போகுமுங்க. அப்பறம் அது மாறிலியே இல்லீங்களே. இங்க தண்ணி கரைப்பான் இல்லீங்க, விளைபொருள்."

அவர் போர்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "எப்பங்க வந்து சேர்றீங்க?"

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது நசீமா! உன் வாதத்தை வைத்தே வேலை வாங்கிவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. நான் நகர்ந்து உட்காரவில்லை. "அம்மணி, அங்க ஆராச்சும் வாராங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். "வாராங்க" என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. எந்தப் பிள்ளையின் பேனா தண்ணீர்மேல் போனாலும், "இரு கண்ணு, அது எங்கிருந்து வந்துச்சுன்னு மொதல்ல பாரு, நசீமா மிஸ் சொன்னது" என்பேன். இது சத்தியம்.

அந்தச் சண்டையில் ஜெயித்தது நீதான். ஜன்னல் உனக்குத்தான்.

பக்கத்து சீட்டிலிருந்து,
உன் செல்வி அக்கா