நிறுக்கிற துணி

மகள் ஜெயரூபிக்கு,

நானும் உன் பிள்ளையும் திருகோணமலையில் சுகம். உன் சுகம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்குதில்லை.

நேற்றுப் பிள்ளையை நிறுக்கக் கிளினிக்குக்குப் போனேன். தராசில் தொங்கிற துணியைக் காட்டி, எல்லோருக்கும் கேட்க நர்ஸ் மிஸ்ஸி சொன்னாள்: "உடம்பு விக்கிறவளின்ட பிள்ளைதானே? உங்கட சீலையில கட்டுங்கோ ஆச்சி. இந்தத் துணி மற்றப் பிள்ளையளுக்கு."

"அந்தத் துணியில நிறுக்கிற வரைக்கும் எழும்பமாட்டன்" என்று தராசுக்குக் கீழேயே குந்திவிட்டேன். கடைசியில் அதே துணியில்தான் நிறுத்தாள். பிள்ளைக்கு நிறை கூடியிருக்கு.

அங்கே ஆஸ்பத்திரியில் புண்ணைக் காட்டப் போன உன்னை ஏசித் துரத்திய டாக்குத்தரின் முகத்தையும் நான் மறக்கவில்லை. அவனுக்குப் பயந்து புண்ணை மறைத்துக்கொண்டு கிடக்காதே. முதல் பஸ்ஸில் வா. கருவாடும் கொண்டு வா. இங்கே மனம்விட்டுக் கதைக்க ஆளில்லை.

நான் சமைக்கிற சாப்பாட்டுக் கடையில் உலை வைக்கக் கூப்பிடுகிறார்கள், இத்தோடு நிறுத்துகிறேன். நீ வந்தால் இங்கே ஆஸ்பத்திரியிலும் ஏசினால் ஏசட்டும். உனக்கு மருந்து தரும்வரை நான் குந்தியிருப்பேன்.

அம்மா