ஜம்போலாவில் ஒரு விமானப் பாதை

2005 செப்டம்பர் 12
தங்கச்சி ஷாமிளாவை றப்பர்ப் பால்வெட்டுக்கு அனுப்பப்போவது அவளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற பழனியாண்டி மாஸ்டர்தான். டிசம்பரில் அவளுக்கு ஓ.எல். சோதனை. விஞ்ஞானம் பாஸானால் மேலே படிப்பாள், இல்லாவிட்டால் றப்பர் மலை. உலகம் தட்டை என்று பள்ளிக்கூடப் பரீட்சைத்தாளில் எழுதியிருக்கிறாள். மாஸ்டர் சரி போட்டிருக்கிறார்!
"உருண்டைன்னா கீழ இருக்கிறவன் விழமாட்டானா அண்ணே?"
கடையில் சிமெந்து மூட்டை தூக்கிய முதுகு. படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 14
பக்கத்து லயத்து வெள்ளையம்மா அக்கா கட்டாரிலிருந்து வந்துவிட்டார். விமானத்தில் கிடந்த புத்தகத்தைப் படத்துக்காக எடுத்து வந்தாராம். அதில் விமானப் பாதைகள். தென்னாபிரிக்காவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு எங்கும் இறங்காமல் பத்து மணித்தியாலம். உலகம் உருண்டை என்று காட்ட இது போதும்.

செப்டம்பர் 18
கோயிலில் அறநெறி வகுப்பு. அதையும் நடத்துவது மாஸ்டர்தான். புத்தகத்தைக் காட்டினேன். "படமே தட்டையாத்தானே இருக்கு தம்பி" என்றார். அவரும் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

தட்டைச் சுளகில் கரியால் உலகத்தை வரைந்தேன், வடதுருவம் நடுவில். பந்துபோன்ற ஜம்போலாப் பழத்திலும் வரைந்தேன். றப்பர் மரத்தில் உரித்த ஒட்டுப்பாலை அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே நூலாக இழுத்துப் பிடித்தேன். சுளகில் அது இலங்கைக்குப் பக்கத்தால் போனது. பழத்தில் வழுக்கித் தெற்கே இறங்கியது, குறுக்குவழி அதுதான்.
"தட்டைன்னா அந்த பிளேன் நம்மகிட்டத்தான் வரணும். தூரமும் ரெண்டு மடங்கு. பத்து மணித்தியாலத்துல எப்படிப் போகும்?" என்றேன்.
"நம்ம தோட்டத்துல எறங்கி டீ குடிச்சிட்டுப் போகும்" என்றான் வகுப்பிலிருந்த அஜந்தன். இந்த முறை மாஸ்டர் சிரிக்கவில்லை.

பிள்ளைகள் போன பிறகு சொன்னார்: "நான் சமயம் படிப்பிக்க வந்தவன் தம்பி. விஞ்ஞானத்துக்கு ஆளில்லன்னு என்னையப் போட்டாங்க. தெரிஞ்சதச் சொன்னேன்."
இனி யாரைத் திட்டுவது?

டிசம்பர் 15
விஞ்ஞானச் சோதனை முடிந்தது. பூமியைப் பற்றிக் கேட்டிருந்தார்களாம், சரியாக எழுதினாளாம். மற்றவை என்னவென்று கேட்டேன்.
"மத்ததெல்லாம் யாரு படிப்பிச்சா?"

2006 ஏப்ரல் 27
ஷாமிளா விஞ்ஞானம் பெயில். அமிலம், மின்சாரம், உயிர்க்கலம் — ஒன்றும் தெரியாது. நான் உருண்டையை நிரூபித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கேள்விக்காக.

மே 8
ஷாமிளா இன்று பால்வெட்டத் தொடங்கினாள். நான் லீவு போட்டுவிட்டுக் கல்விக் காரியாலயம் போனேன். சிங்களத்தில் சொன்னேன். அங்கிருந்த ஐயா நிமிரவில்லை. தமிழிலும் சொன்னேன். பைலைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். காலி நாற்காலியைப் பார்த்துத் திரும்பவும் சொன்னேன்:
"எங்க ஸ்கூலுக்கு ஒரு விஞ்ஞான டீச்சரக் குடுங்க."